ஷர்லி எங்கே போனாள்?

படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே ஷர்லி போய்விடுகிறாள். அவளுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். நியூயார்க்கில் நடிப்பு, நடனம், இசை மூன்றையும் கற்றுத்தரும் அரசுப் பள்ளி ஒன்றில் சேர ஆடிஷனுக்கு வந்திருக்கிறாள். ஜோடியாக ஆடும் நடனம் என்பதால் துணைக்கு ஒரு பையனையும் கூட்டி வந்திருக்கிறாள். பையன் பெயர் லீரோய். அவனுக்கு அந்தப் பள்ளியும் வேண்டாம், வேறு எந்தப் பள்ளியும் வேண்டாம். நிற்கிற தோரணையே அதைச் சொல்லிவிடும். பாட்டு போடுகிறார்கள். ஷர்லி ஒத்திகை பார்த்ததையெல்லாம் ஆடிக் காட்டப் பாடுபடுகிறாள். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஆசிரியைகளோ பக்கத்தில் ஆடுகிறவனைப் பார்க்கிறார்கள். பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.

லீரோய்க்கு இடம் கிடைக்கிறது. ஷர்லிக்கு இல்லை. உங்கள் பள்ளி எனக்கு வேண்டவே வேண்டாம் என்று வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு வெளியே போகிறாள். அவ்வளவுதான். படம் லீரோயோடு நான்கு வருடம் போகிறது. ஷர்லி எங்கே போனாள் என்று யாரும் கேட்பதில்லை.

1980 மே மாதம் வெளியான ‘ஃபேம்’ படத்தைப் பற்றித்தான் சொல்கிறேன். ஆலன் பார்க்கர் இயக்கியது. இந்தப் படத்தின் பெயரைச் சொன்னால் எல்லோருக்கும் நினைவு வருவது தெருவில் நிற்கும் கார்களின் கூரை மீது ஏறிப் பிள்ளைகள் ஆடும் அந்த ஆட்டம். எனக்கு ஷர்லி.

முதன்முதலில் இதை 1997 வாக்கில் டிவியில் பார்த்தேன். அப்போது கேபிளில் பகல் முழுக்கக் கார்ட்டூன் ஓடும் சேனலிலேயே ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் பழைய எம்.ஜி.எம். படங்கள் போடுவார்கள். வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு ஒலியைக் குறைத்து வைத்துக்கொண்டு பார்ப்பேன். வசனம் பாதி பிடிபடவில்லை. நியூயார்க் பிள்ளைகள் பேசுகிற வேகத்துக்கு என் திருச்சி இங்கிலீஷ் ஈடுகொடுக்கவில்லை. ஷர்லி கத்தியது மட்டும் முழுசாகப் புரிந்தது. அதற்கு இரண்டு வருடம் முன்னால் நானும் அந்த மாதிரிதான் ஓர் அறையைவிட்டு வெளியே வந்திருந்தேன். கத்தவில்லை, அதுதான் வித்தியாசம்.

1995-ல் பிளஸ் டூ முடித்ததும் இசைக் கல்லூரி ஒன்றில் வாய்ப்பாட்டுக்கு விண்ணப்பம் போட்டேன். எந்தக் கல்லூரி என்பது இங்கே தேவையில்லை. பாட்டு வகுப்பில் எனக்கு அடுத்து உட்காருகிற தோழி அன்றைக்கு என் துணைக்கு வந்தாள். அவள் பெயரை எழுதினால் சண்டைக்கு வருவாள், அதனால் தோழி என்றே வைத்துக்கொள்வோம். அவள் விண்ணப்பமே வாங்கவில்லை. பி.காம். சேர்வதாக முடிவாகியிருந்தது. அவள் வேலை என் எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டியைத் தூக்கி வருவது, உள்ளே போனதும் பிளக்கில் சொருகி, என் குரலின் உயரத்துக்கு ஏற்ற கட்டையைத் திருகி வைப்பது. நான் மோகன வர்ணம் பாடினேன். அனுபல்லவி வரை எனக்கே திருப்தியாக இருந்தது. மேல் காந்தாரத்துக்குப் போனபோது குரல் பிசிறியது. திரும்பப் பாடச் சொன்னார்கள். திரும்பவும் பிசிறியது. சரிம்மா, போதும் என்றார் நடுவில் இருந்த பெரியவர். அப்புறம் பெட்டியை அணைக்கக் குனிந்தவளைப் பார்த்து, “நீ பாடுவியா?” என்று கேட்டார்.

அவள் பாடினாள். அதே வர்ணம். அந்த வாரமே அவளுக்கு விண்ணப்பம் கொடுத்துச் சேர்த்துக்கொண்டார்கள். அவள் சுருதியை அரைக் கட்டை கூட்டி வைத்துவிட்டாள் என்று அன்று பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்துவிட்டேன். அவளுடைய குரலுக்கு ஐந்தரை, எனக்கு ஐந்து. பழக்க தோஷத்தில் தன் கட்டைக்குத் திருகியிருப்பாள். வேண்டுமென்று செய்திருக்க மாட்டாள். அப்படித்தான் பல வருடம் எனக்கு நானே பெருந்தன்மையாகச் சொல்லிக்கொண்டேன்.

சரி, படத்துக்கு வருகிறேன்.

அந்தப் பள்ளி கற்பனை இல்லை. ஹை ஸ்கூல் ஆஃப் பெர்ஃபார்மிங் ஆர்ட்ஸ் என்ற பெயரில் நிஜமாகவே இருந்தது. 1940-களின் கடைசியில் தொடங்கியது. டைம்ஸ் சதுக்கத்துக்குப் பக்கத்திலேயே, மேற்கு 46-ஆம் தெருவில் 120-ஆம் எண் கட்டடம். ஃபீஸ் கிடையாது, அரசுப் பள்ளி. ஆனால் ஆடிஷனில் தேறினால்தான் உள்ளே விடுவார்கள். கணக்கு, ஆங்கிலம், சரித்திரம் எல்லாவற்றிலும் பாஸாக வேண்டும். ஆடத் தெரியும் என்பதற்காக அல்ஜீப்ராவில் சலுகை கிடையாது. அல் பசினோ அங்கே படித்துவிட்டு முடிக்காமலே போனவர். பாடகி சூசன் வேகா அங்கே படித்தார். படத்தில் ரால்ஃப் என்கிற பையன் சாமி மாதிரி கும்பிடுகிற ஃபிரெடி பிரின்ஸ் என்ற நகைச்சுவைக் கலைஞரும் அதே பள்ளியில் படித்துப் பாதியில் நின்றவர்தான். இருபத்திரண்டு வயதில், 1977-ல், தன்னைத் தானே சுட்டுக்கொண்டு இறந்துபோனார். ரால்ஃப் அவரைப் பற்றிப் பேசும் காட்சிகளை இது தெரிந்து பார்த்தால் வேறு மாதிரி இருக்கும்.

பார்க்கர் அந்தப் பள்ளியிலேயே படமெடுக்க அனுமதி கேட்டிருக்கிறார். நகரத்தின் கல்வி வாரியம் முடியாது என்றுவிட்டது. திரைக்கதையில் இருந்த கெட்ட வார்த்தைகளும் போதைச் சமாச்சாரமும் ஒரு காரணம். இன்னொன்று பார்க்கரின் முந்தைய படம், துருக்கிச் சிறை ஒன்றைப் பற்றியது. துருக்கிச் சிறைகளுக்குச் செய்ததை எங்கள் பள்ளிகளுக்கும் செய்துவிடுவாரோ என்று பயந்திருக்கிறார்கள். அதனால் பள்ளியின் வாசலாகப் படத்தில் நாம் பார்ப்பது, எதிர்சாரியில் இருக்கும் செயின்ட் மேரி தி வர்ஜின் தேவாலயத்தின் ஒரு வாசல். உள்ளே வகுப்பறைகளாகக் காட்டுவது பத்தாவது அவென்யூவில் மூடிக் கிடந்த ஹாரன் ஹை ஸ்கூல் என்ற பழைய கட்டடம். பிள்ளைகள் நடனத்தில் துள்ளிக்கொண்டு வெளியே ஓடி வருவது உண்மையில் ஒரு கோயிலுக்குள்ளிருந்து. இது தெரிந்த பிறகு அந்தக் காட்சி எனக்கு இன்னும் கொஞ்சம் பிடித்துப்போனது.

தலைப்பும் ஒரு விபத்துதான். கிறிஸ்டோபர் கோர் எழுதிய திரைக்கதைக்கு முதலில் வைத்த பெயர் ‘ஹாட் லஞ்ச்’. பள்ளிக் கேன்டீனில் போடும் சூடான மதியச் சாப்பாடு. படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தபோது 42-ஆம் தெரு தியேட்டர் ஒன்றில் அதே பெயரில் ஒரு நீலப்படம் ஓடுவது தெரியவந்தது. அதில் நடித்தவரின் பெயர் ஆல் பார்க்கர். ஆலன் பார்க்கரின் முகம் எப்படிப் போயிருக்கும் என்று நினைத்தாலே சிரிப்பு வருகிறது. அவசரமாகப் பெயரை ‘ஃபேம்’, அதாவது புகழ், என்று மாற்றினார்கள். ஆக, புகழைப் பற்றிய படம் என்று உலகமே நினைத்துக்கொண்டிருக்கும் இது, எழுதப்பட்டபோது சாப்பாட்டு நேரத்தின் பெயரைத் தாங்கியிருந்தது.

அந்தப் பழைய பெயர்தான் பொருத்தம் என்பேன். கேன்டீன் காட்சியைப் பாருங்கள். புது மாணவர்களுக்கு முதல் நாள். ஒருவன் மேசையில் தாளம் போடுகிறான், யாரோ பியானோவில் உட்காருகிறார்கள், கோகோ என்கிற பெண் பாட ஆரம்பிக்கிறாள், நடனப் பிரிவு மேசை மேல் ஏறிவிடுகிறது. தட்டு, கரண்டி, செல்லோ, டிரம்பெட் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துகொள்கின்றன. கேமரா நடுவில் மாட்டிக்கொண்ட மாதிரி திணறுகிறது. எந்த இசைப் படத்திலும் இது கொண்டாட்டமாகத்தான் முடியும். இங்கே அந்தக் கூத்துக்கு நடுவில் டோரிஸ் என்கிற பெண் சாப்பாட்டுத் தட்டோடு எங்கே உட்காருவது என்று தெரியாமல் நிற்கிறாள். எல்லோருக்கும் ஏதோ வருகிறது, எனக்கு என்ன வரும் என்ற பயம் முகத்தில் அப்பிக்கிடக்கிறது. அவள் அங்கிருந்து தப்பித்துப் போய், தன்னைப் போலவே ஒதுங்கி நிற்கும் மான்ட்கோமரி என்ற பையனைச் சிநேகம் பிடித்துக்கொள்கிறாள். பாட்டு உள்ளே நடந்துகொண்டேயிருக்கிறது.

பார்க்கரின் கெட்டிக்காரத்தனம் இதுதான். கொண்டாட்டத்தை முழுசாகக் காட்டுவார். அதே சமயம் அதில் இடமில்லாத ஒருத்தியையும் ஓரத்தில் நிறுத்திவைப்பார்.

கார் மீது ஆடும் ஆட்டத்தையும் சொல்லாமல் விட முடியாது. புரூனோ என்கிற பையன் வீட்டின் நிலவறையில் சின்தசைசர்களைக் குவித்து வைத்துக்கொண்டு இசையமைக்கிறான். வெளியே யாருக்கும் போட்டுக் காட்ட மாட்டான். அவன் அப்பா டாக்ஸி டிரைவர். மகனின் கேசட்டை எடுத்துக்கொண்டு, டாக்ஸி மேல் ஒலிபெருக்கியைக் கட்டி, நேராகப் பள்ளி வாசலில் கொண்டுவந்து அலறவிடுகிறார். பிள்ளைகள் தெருவுக்குப் பாய்கிறார்கள். போக்குவரத்து நிற்கிறது. இதைப் படம் பிடித்தபோது அந்தத் தலைப்புப் பாடல் எழுதப்படவே இல்லை. டோனா சம்மரின் ஒரு டிஸ்கோ பாட்டை ஓடவிட்டு ஆடச் சொல்லியிருக்கிறார்கள். மைக்கேல் கோர் பின்னால் மெட்டமைத்துச் சேர்த்தார். கூர்ந்து பார்த்தால் சில கால்கள் வேறு ஏதோ ஒரு தாளத்துக்கு ஆடுவது போலத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றுகிறது, பிரமையாகவும் இருக்கலாம்.

இந்தக் காட்சியில் பிள்ளைகளைவிட எனக்கு அந்த அப்பாவைத்தான் பிடிக்கும். போக்குவரத்தை மறித்துவிட்டார் என்று எல்லோரும் அவரோடு சண்டைக்கு வருகிறார்கள். அவர் அசையவில்லை. என் மகன் போட்ட இசை என்று நிற்கிறார். மகன் வெட்கத்தில் சாகிறான். புரூனோவுக்கும் ஷொரோஃப்ஸ்கி வாத்தியாருக்கும் நடக்கும் வாக்குவாதமும் அருமை. ஓர் ஆளே மின்னணுக் கருவிகளை வைத்து முழு ஆர்க்கெஸ்ட்ராவையும் வாசித்துவிடலாம் என்கிறான் பையன். அப்போ யாரோடு சேர்ந்து வாசிப்பாய் என்று கேட்கிறார் வாத்தியார். தனியாகத்தான் என்கிறான். அதற்கு அவர் வைக்கும் பெயரை இங்கே எழுத முடியாது. அந்த வேடத்தில் நடித்த ஆல்பர்ட் ஹேக் அடிப்படையில் நடிகரே அல்ல, பெர்லினில் பிறந்து பிராட்வே மேடைக்கு இசையமைத்தவர். அதனால்தான் அந்தக் கிண்டலில் அத்தனை நிஜம்.

இனி லிசா. படத்தில் நான் பலமுறை திரும்பப் பார்த்த பகுதி.

லிசா நடனப் பிரிவு. ஷர்லிக்கு வாசலிலேயே கதவு சாத்தப்பட்டது. லிசாவை உள்ளே விட்டு, நடுவில் சாத்துகிறார்கள். நடன ஆசிரியை மிஸ் பெர்க் அவளைக் கூப்பிட்டு, உனக்கு இது வராது என்று சொல்லிவிடுகிறார். லிசா கெஞ்சிப் பார்க்கிறாள். நடப்பதில்லை. அடுத்த காட்சியில் பாதாள ரயில் நடைமேடையில் நிற்கிறாள். விளிம்புக்கு மிகப் பக்கத்தில். ரயில் வருகிற சத்தம் கேட்கிறது. கேமரா அவள் முகத்தைவிட்டு நகர்வதில்லை. நமக்கு வயிற்றைப் பிசைகிறது. அவள் கையிலிருந்த பையைத் தூக்கித் தண்டவாளத்தில் எறிகிறாள். ஆடை, காலணி எல்லாம் போகிறது. அப்புறம் ஒரு கெட்ட வார்த்தையைச் சொல்லி, நான் நாடகப் பிரிவுக்கு மாறிக்கொள்கிறேன் என்கிறாள்.

தியேட்டரில் பார்த்தவர்கள் இதற்குச் சிரித்திருப்பார்கள். நானும் சிரித்தேன். ஆனால் இந்தச் சிரிப்புக்குள் என்ன இருக்கிறது என்று யோசித்தால், படத்தில் வேறு யாருக்கும் இல்லாத துணிச்சல் இவளுக்கு இருக்கிறது. மற்றவர்களெல்லாம் ஒன்றே ஒன்றைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள். இவள் கையைவிட்டாள், உயிரோடு வீட்டுக்குப் போனாள். கடைசிக் காட்சியில் பட்டமளிப்பு மேடையில் எல்லோரும் சேர்ந்து பாடுகிறார்களே, வால்ட் விட்மன் கவிதையின் தலைப்பை எடுத்துக்கொண்ட பாட்டு, அதன் தொடக்கத்தில் தனியாகக் கேட்கும் குரல்களில் ஒன்று லிசாவுடையது. நடனத்துக்கு லாயக்கில்லை என்று அனுப்பப்பட்டவள் பாடுகிறாள். படம் இதை அடிக்கோடிட்டுக் காட்டுவதில்லை. கவனித்தவர்கள் கவனித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறது.

மிஸ் பெர்க்கைப் பார்த்து எனக்கு எப்போதும் ஆத்திரம் வரும். தோழிக்கு வரவில்லை. அவள் இன்றைக்குக் கரூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் பாட்டு டீச்சர். “அந்தம்மா செஞ்சதுல என்னடி தப்பு? நாலு வருஷம் ஓட்டிட்டு அப்புறம் சொல்றதுக்கு இப்பவே சொன்னது நல்லதுதானே. நானும் ரெண்டு பிள்ளைங்ககிட்ட சொல்லியிருக்கேன்” என்றாள். சொன்னதும் அந்தப் பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்று கேட்டேன். ஒருத்தி வீணைக்குப் போய்விட்டாளாம். இன்னொருத்தி இப்போதும் தன்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாளாம்.

டோரிஸின் கதைக்குள் மைக்கேல் என்று ஒருவன் வருகிறான். அவளுக்கு முன்னே படித்தவன், பரிசெல்லாம் வாங்கியவன், அவன் போகும்போது பள்ளியே அண்ணாந்து பார்த்தது. அடுத்து அவன் வருவது ஒரு நாள் இரவுக்கூத்துக்குப் பின்னால். எட்டாவது தெருத் தியேட்டரில் நள்ளிரவுக் காட்சி, ரசிகர்கள் வேஷம் கட்டிக்கொண்டு திரைக்கு முன்னால் ஆடும் வழக்கம் உள்ள படம். டோரிஸ் போதையில் மேடையேறி ஆடிவிடுகிறாள். எந்த வேடத்தையும் போட்டுக்கொள்ள முடியும், அதுதான் நடிப்பு என்று மறுநாள் அவளுக்குப் பிடிபடுகிறது. ஆனந்தத்தில் மிதக்கிறாள். அப்போது உணவகத்தில் அவள் மேசைக்கு ஆர்டர் எடுக்க வருகிற வெயிட்டர் மைக்கேல். இரண்டு நிமிடம்கூட இருக்காது அந்தக் காட்சி. அவன் அழுவதில்லை, குறைப்படுவதில்லை. இப்போதைக்கு இது, வாய்ப்பு வரும் என்கிற மாதிரி பேசுகிறான். டோரிஸின் முகத்தில் அந்த ஆனந்தம் வடிவதை மட்டும் பார்க்கிறோம்.

ஷர்லி, லிசா, மைக்கேல். வாசலில் ஒருத்தி, நடுவில் ஒருத்தி, படித்து முடித்து வெளியே போய் ஒருவன். படம் ஆடிஷன், முதலாண்டு, இரண்டாமாண்டு, மூன்றாமாண்டு, கடைசியாண்டு என்று எழுத்துப் போட்டுப் பிரித்துக்கொண்டு போகிறது. பட்டமளிப்போடு நின்றுவிடுகிறது. ஒருவராவது புகழ் பெற்றாரா என்று காட்டுவதே இல்லை. ‘புகழ்’ என்று பெயர் வைத்த படத்தில் புகழ் பெற்ற மாணவர் ஒருவர்கூடக் கிடையாது. இதை எத்தனை பேர் கவனித்திருப்பார்கள்?

கோகோவின் காட்சியைப் பற்றி எழுதாமல் இருந்தால் நன்றாக இருக்கும். ஆனால் முடியாது. எல்லோரையும்விடத் தன்னம்பிக்கை அதிகம் உள்ளவள் கோகோ. பாட்டு, நடனம், நடிப்பு மூன்றும் வரும். கடைசியாண்டில், உணவகம் ஒன்றில் ஓர் ஆள் தன்னை டைரக்டர் என்று சொல்லிக்கொண்டு வருகிறான். ஸ்க்ரீன் டெஸ்ட் எடுக்கக் கூப்பிடுகிறான். அவளும் போகிறாள். அது ஸ்டுடியோ இல்லை, அவன் வீடு. கேமராவுக்குப் பின்னாலிருந்து இனிக்க இனிக்கப் பேசிச் சட்டையைக் கழற்றச் சொல்கிறான். தொழில் தெரிந்தவள் இல்லையா நீ, இதற்குப் போய்க் கூச்சப்படலாமா என்கிற மாதிரிப் பேச்சு. அவள் அழுதுகொண்டே கழற்றுகிறாள். பார்க்கர் அதை அந்த ஆளின் கேமரா வழியாகவே காட்டுகிறார். நாமும் அந்த அறையில் உட்கார்ந்திருக்கிறோம். முதல் முறை பார்த்தபோது டிவியை அணைத்துவிட்டேன்.

கோகோவாக நடித்தவர் ஐரீன் காரா. பிராங்க்ஸில் வளர்ந்தவர். முதலில் நடனப் பெண்ணாகத்தான் எடுத்திருக்கிறார்கள். குரலைக் கேட்டதும் வேடத்தையே மாற்றி எழுதினார்கள். 1981 மார்ச் 31 ஆஸ்கர் மேடையில், பரிந்துரைப் பட்டியலில் இருந்த இந்தப் படத்தின் இரண்டு பாடல்களையும் அவரே பாடினார். அமெரிக்க அதிபர் ரேகன் சுடப்பட்டதால் ஒரு நாள் தள்ளி நடந்த விழா அது. தலைப்புப் பாடலுக்கு விருது, பின்னணி இசைக்கும் விருது. இரண்டும் மைக்கேல் கோருக்கு வந்தன, தலைப்புப் பாடலில் வரிகள் எழுதிய டீன் பிட்ச்ஃபோர்டுக்கும் பங்கு. அடுத்து ‘ஃபிளாஷ்டான்ஸ்’ பாட்டு, அதற்கு ஐரீன் காராவுக்கே ஆஸ்கர். அதன்பின் தனக்குச் சேர வேண்டிய பணத்துக்காக ஒலிப்பதிவு நிறுவனத்தின் மீது வழக்கு போட்டார். 1993-ல் 15 லட்சம் டாலர் தரும்படி ஜூரி தீர்ப்பளித்தது. ஆனால் நடுவில் போன வருடங்கள் போனதுதான், பாட்டுலகம் தன்னை ஒதுக்கிவிட்டது என்று அவரே சொல்லியிருக்கிறார். 2022 நவம்பரில் இறந்தார், வயது 63. கோகோவின் கதையை எழுதியவர்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? தெரியாதுதான்.

லீரோயாக ஆடிய ஜீன் ஆண்டனி ரேயின் கதை இன்னும் விசித்திரம். ஹார்லெம் பையன். நிஜ வாழ்க்கையில் அதே ஹை ஸ்கூல் ஆஃப் பெர்ஃபார்மிங் ஆர்ட்ஸில் சேர்ந்து, ஒரு வருடத்தில் வெளியே அனுப்பப்பட்டவர். ஒழுங்காகப் பயிற்சி எடுத்தவரும் இல்லை. வேறு பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு வந்து, நடன அமைப்பாளர் லூயி ஃபால்கோவின் முன் ஆடிக் காட்டி இந்த வேடத்தைப் பிடித்தார். தன்னை வெளியே அனுப்பிய பள்ளி ஓடிப்போய்ச் சேர்த்துக்கொள்ளும் பையனாக அவர் திரையில் ஆடுகிறார். அந்த ஆடிஷன் காட்சியில் அவர் முகத்தில் இருக்கும் அலட்சியத்துக்கு நடிப்பு என்று பெயர் வைக்க எனக்கு மனமில்லை. படத்தில் லீரோய்க்குப் படிக்கத் தெரியாது. ஆங்கில ஆசிரியை திருமதி ஷெர்வுட் அவனை ஃபெயில் போடுகிறார். நடனக் குழுவில் இடம் காத்திருக்கிறது, பாஸானால்தான் போக முடியும். ஆத்திரத்தில் அவரைத் தேடி ஆஸ்பத்திரிக்கே போய்க் கத்துகிறான். அவர் கணவர் உள்ளே நோய்ப்படுக்கையில் இருக்கிறார் என்பது கத்தி முடித்த பிறகுதான் அவனுக்கு உறைக்கிறது. ஜீன் ஆண்டனி ரே 2003-ல், 41 வயதில் இறந்துபோனார்.

படத்தில் எனக்குக் குறையே இல்லை என்று சொன்னால் பொய். இரண்டே கால் மணி நேரத்தில் எட்டுப் பேரின் நான்கு வருடத்தைத் திணித்திருக்கிறார்கள். ஹிலரி என்கிற பணக்கார பாலே பெண்ணின் கர்ப்பம் ஒரே ஒரு காட்சியில் வந்து அறுந்துவிடுகிறது. நல்ல காட்சி, ஆனால் முன்னும் இல்லை பின்னும் இல்லை. புரூனோ பாதிக்கு மேல் காணாமல் போகிறான். மான்ட்கோமரியை ஓரினச் சேர்க்கையாளன் என்று 1980-லேயே மரியாதையாகக் காட்டியது பெரிய விஷயம், ஆனால் அவனுக்குத் தனிமையைத் தவிர வேறு எதையும் கொடுக்கவில்லை. ரால்ஃப் சத்தம் அதிகம். 2009-ல் மறுபடி எடுத்தார்களே, அதில் இந்தக் கரடுமுரடெல்லாம் இழைத்து வழவழப்பாக்கிவிட்டார்கள். பார்த்து மறந்துவிட்டேன். பழையதை லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் 2023-ல் பாதுகாக்க வேண்டிய படங்களின் பட்டியலில் சேர்த்தது. பள்ளி 1984-லேயே லிங்கன் சென்டர் பக்கம் புதுக் கட்டடத்துக்குப் போய்விட்டது. 46-ஆம் தெருவில் இருந்த பழைய கட்டடத்தில் 1988-ல் தீப்பிடித்தது.

ஐரீன் காரா இறந்த செய்தியைத் தோழிக்கு அனுப்பினேன். யார் இவங்க என்று கேட்டாள். அந்தப் படத்தை அவள் பார்த்ததே இல்லை. அந்த டிசம்பர் அரையாண்டு விடுமுறையில் திருச்சி வந்தவளை உட்காரவைத்துப் போட்டுக் காட்டினேன். நடுவில் முறுக்குத் தட்டு, இரண்டு டம்ளர் காப்பி. ஷர்லியும் லீரோயும் உள்ளே வந்தார்கள். ஆடினார்கள். ஷர்லி கத்திவிட்டுப் போனாள். ரிமோட்டை எடுத்து நிறுத்தினேன்.

“அன்னிக்கு நீ சுருதியை ஏத்தி வச்சியா?”

“என்னிக்கு?”

எந்த நாள் என்று சொன்னேன். அவள் முறுக்கை ஒடித்து வாயில் போட்டுக்கொண்டாள்.

“அஞ்சுலதான் வச்சேன். நீதானே அஞ்சுன்னு சொன்னே. நான் ரெண்டு தரம் பார்த்துதான் வச்சேன். நீ பயத்துல இறங்கிட்டே. அனுபல்லவியிலயே இறங்க ஆரம்பிச்சுட்டே.”

“அப்பவே சொல்லியிருக்கலாம்ல?”

“பாடிக்கிட்டு இருக்கிறப்ப எப்படிடி சொல்றது?”

காப்பி ஆறிக்கொண்டிருந்தது. திரையில் லீரோய் பாதி திரும்பிய நிலையில் உறைந்து நின்றான்.

“இந்தப் பொண்ணு அப்புறம் வருவாளா?” என்று கேட்டாள்.

“வர மாட்டா.”

“ஒரு தரம்கூடவா?”

“இல்ல.”

“சரி, போடு” என்றாள். “அந்தப் பையன் என்ன ஆறான்னு பார்ப்போம்.”